ஐந்தை அழுத்திய விரல்

எர்ச்சிம் செய்த விசைப்பலகை நாற்பதாயிரம் கைப்பேசிகளில் இருந்தது. அவன் அம்மா வர்வாராவின் கைப்பேசியிலும் இருந்தது. அவனே போட்டுக் கொடுத்ததுதான். நாற்பதாயிரம் பேரும் அவன் எழுத்தை அழுத்தினார்கள். அம்மா மட்டும் அழுத்தமாட்டாள்.

அந்த எழுத்து ҕ. சைபீரியாவில் பேசும் சாகா மொழியில் தொண்டைக்குள்ளிருந்து வரும் ஓர் ஒலிக்கு உரியது. ருஷ்ய மொழிக்கு அது வேண்டியதில்லை. ஆகவே ருஷ்ய மொழிக்காகச் செய்த பொத்தான் கைப்பேசிகளில் அது இருந்ததில்லை. எழுத்து இல்லையென்று யார் வாயை மூடிக்கொண்டு இருக்கப் போகிறார்கள்? பார்க்க அதே சாயல்தானே என்று சனங்கள் 5 என்ற எண்ணைத் தூக்கி அந்த இடத்தில் வைத்துக்கொண்டார்கள். காதலும் 5-ஐ வைத்துக்கொண்டு போனது, சாவுச் சேதியும் 5-ஐ வைத்துக்கொண்டு போனது. யாரும் குறை சொல்லவில்லை.

குறை சொன்னவன் எர்ச்சிம். யாகூத்ஸ்க் நகரத்தில் குடிநீர் அலுவலகத்தில் கணினி பார்ப்பவன். கணினிக்கு எழுத்து என்பதே ஓர் எண்தான். ҕ-வின் எண் 1173. 5 என்ற இலக்கத்தின் எண் 53. நம் கண்ணுக்கு இரண்டும் அக்கா தங்கை; கணினிக்குள் ஒன்றுக்கொன்று முகம் தெரியாது. நம் எழுத்துக்கு உலகத்துக் கணினிகளிலெல்லாம் ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கும்போது, அதில் உட்காராமல் எண்ணிடம் போய் ஒண்டிக்கொண்டிருப்பது என்ன மானக்கேடு என்பான். இரண்டு வருடம் உட்கார்ந்து கைப்பேசிக்கு ஒரு விசைப்பலகை செய்தான். ҕ-வும், சாகா மொழிக்கே உரிய மற்ற நான்கு எழுத்துகளும் அதில் ஒளிந்திராமல் முன்வரிசையிலேயே நின்றன. இலவசமாகக் கொடுத்தான். ஆசிரியர் மாநாட்டில் பாராட்டும் சான்றிதழும் கிடைத்தன.

அம்மாவுக்கும் அதைப் போட்டுக் கொடுத்து, எதிரில் உட்கார்ந்து, விரலைப் பிடித்துக் காட்டாத குறையாகக் காட்டினான். அவள் தலையாட்டினாள். மறுநாள் அவளிடமிருந்து வந்த செய்தியில் மறுபடியும் 5. அவன் எழுத்து அங்கேயே கண்ணெதிரே நிற்க, அதைத் தாண்டி மேல் வரிசைக்குப் போய் 5-ஐ அழுத்தியிருந்தாள்.

"ஏம்மா, அந்தப் பட்டன அழுத்துனா கை சுட்டுடுமா?" என்று தொலைபேசியில் கேட்டான்.

"என் வெரலுக்கு அஞ்சுதான்டா தெரியும். முப்பது வருசம் பாய்லர் முள்ளப் பாத்த கண்ணு, புதுசெல்லாம் ஏறாது" என்றாள். ஊர் வீடுகளுக்கெல்லாம் சூடு அனுப்பும் கொதிகலன் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் வர்வாரா. பூச்சியத்துக்குக் கீழே ஐம்பது டிகிரி குளிரில் ஊரையே உறையாமல் காப்பாற்றியவளுக்கு ஒரு பொத்தான் ஏறாதாம்.

அவனுக்குக் காரணம் தெரியும். அந்த 5-ஐ அவளுக்குக் கற்றுக் கொடுத்தவன் பெர்கென், அண்ணன். பெர்கென் லாரி ஓட்டினான். ஊர் ஊராகப் போய் நின்ற இடத்திலிருந்தெல்லாம் அம்மாவுக்கு ஒரு வரி அனுப்புவான். அந்த வரியின் கடைசியில் எப்போதும் 'உன் பிள்ளை' என்று போடுவான். சாகா மொழியில் அது ஒரே சொல். நடுவில் ҕ வரும். கடைசி எழுத்துக்கும் ருஷ்ய н-ஐ வைத்து о5он என்று அடிப்பான். ஆறு வருடம் முன்பு, நவம்பர் முதல் வாரத்தில், அம்கா ஆற்றின் பனி இன்னும் கெட்டிப்படாத நாளில் அதன்மேல் ஓட்டிப் போய், லாரியோடு தண்ணீருக்குள் போய்விட்டான்.

அம்மாவுக்குப் புதுக் கைப்பேசி வாங்கிக் கொடுத்தபோது அவள் கேட்டது ஒரே கேள்வி: "பழைய சேதியெல்லாம் இதுல வந்துருமா?" வந்துவிடும் என்றான். வரவும் வைத்தான். அண்ணனின் செய்திகளை அவன் படிக்கவில்லை. படிக்கப் பொறுக்காது என்பது ஒரு காரணம். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடலாம்: பொறாமை.

ஏனென்றால் எர்ச்சிமும் எழுதினான். ஞாயிறு தவறாமல், நீளமாக, ஓர் எழுத்துப் பிழையில்லாமல், கடைசியில் оҕоҥ என்று முறையான எழுத்தில் கையொப்பமிட்டு எழுதினான். மனைவி பிரிந்துபோன சேதியை அரைப் பக்கம் எழுதியபோது அம்மாவிடமிருந்து வந்த பதில்: 'இங்க அம்பது டிகிரி. உன் வீட்டுக் குழாய் உறையாம பாத்துக்க.' அன்றைக்கு அவன் கைப்பேசியைச் சோபாவில் விட்டெறிந்தான். செத்துப்போனவனோடு போட்டி போட்டு யார் ஜெயித்திருக்கிறார்கள்? இருந்தும் அவன் போட்டியை விடவில்லை. அம்மா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தன் எழுத்தை அழுத்திவிட்டால் போதும் என்று அவனுக்குள் ஒரு பிடிவாதம் ஊறிப்போயிருந்தது. நாற்பது வயது ஆள், குழந்தை மாதிரி.

போன நவம்பர் கடைசியில் அவன் ஒரு காரியம் செய்தான். விசைப்பலகையைப் புதுப்பித்தான். எழுத்துகளுக்கு நடுவே யாராவது 5 அடித்தால் அது தானாகவே ҕ ஆகிவிடும். சொல் முழுவதும் முறையான வடிவத்துக்குத் திருந்திவிடும். பழக்கத்தை விடமுடியாதவர்களுக்கு உதவி என்று அறிவிப்பில் எழுதினான். நிறையப் பேர் நன்றி சொன்னார்கள். உண்மையில் அவ்வளவும் ஒரு கிழட்டு விரலைப் பிடித்திழுக்கத்தான். அவனுக்கும் தெரியும்.

மறுநாளே அம்மாவின் செய்தி ҕ-வோடு வந்தது. அது அவள் அழுத்தியதல்ல என்று தெரிந்திருந்தும் அவன் அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டான்.

பிறகு மூன்று வாரம் அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கூப்பிட்டால், "ஒண்ணுமில்ல, தூக்கம் வருது" என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் அதிசயம். டிசம்பர் கடைசியில் அம்மா கேள்வி கேட்கத் தொடங்கினாள். சிறுநீரகத்தில் கல் இருந்ததே, வெளியே வந்ததா? தனியாகவா சமைக்கிறாய்? அந்த மேலதிகாரி இன்னும் குரைக்கிறானா? எல்லாம் அவன் எப்போதோ எழுதி, பதில் வராமல், தானே மறந்துபோனவை. எர்ச்சிமுக்குத் தலைகால் புரியவில்லை. எழுத்து நேரானதும் அம்மாவும் நேராகிவிட்டாள் என்று நம்பினான். படித்தவன் இப்படியும் நம்புவான்.

மார்ச்சில் நான்கு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனான். உறைந்த லேனா ஆற்றின்மேல் வண்டி போகும் பனிப்பாதை திறந்திருந்தது. வேன் அவனைப் பெரியப்பா மகள் லூக்கேரியாவின் வீட்டு வாசலில் இறக்கிவிட்டது. ஊர் மருத்துவ நிலையத்தில் செவிலி அவள். அவனைவிட ஐந்து வயது மூத்தவள். வாய் ஐம்பது வயது மூத்தது.

"வாடா நகரத்துத் தொர. இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்றாள். "உங்கம்மா டிசம்பர்ல பட்ட பாட்டுக்கு நீ அப்பவே வந்திருக்கணும்."

"என்ன பாடு? எனக்கு யாரும் சொல்லலியே."

"சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. மூணு நாளு சோறு தண்ணி இல்ல. பிரஷர் இருநூறு. நான்தான் ஊசியத் தூக்கிட்டு ஓடுனேன். கேட்டா, பெர்கென் போயிட்டான்கிறா. அவன் போயி ஆறு வருசமாச்சே சித்தின்னேன். இல்லடி, இப்பதான் போனான், எழுதுனதயெல்லாம் எடுத்துக்கிட்டுப் போயிட்டான்னு சொல்லிச் சொல்லி அழுவுறா."

எர்ச்சிம் கையுறையைக் கழற்றாமலே நின்றான்.

"அவ போன்ல தேடுறதுக்கு இருக்கே, அந்தப் பூதக்கண்ணாடிப் படத்தத் தொட்டு, அவன் கடைசியில போடுவானே, அந்த வார்த்தைய அடிப்பா. அவனோட சேதி மட்டும் வரிசையா வரும். தெனம் காலைல அதான் அவளுக்கு ஜெபம். நான்தான் சொல்லிக் குடுத்தேன். பொணம் மாதிரி அடியில கெடக்கிற பேச்ச வேற எப்படித் தேடுவா? ஊர் குரூப்பு, பாய்லர் பொம்பளைங்க குரூப்பு, சொந்தக்காரங்க குரூப்புன்னு மேல நூறு கெடக்கு. ஒரு நாளு அடிச்சா, அவனுது ஒண்ணுகூட வரல."

"ஒண்ணுமே வரலியா?"

"வந்துது. உன்னோடது வந்துது." லூக்கேரியா அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "மொத்தமும் உன்னோடது. ஞாயித்துக்கிழமை ராமாயணம் எழுதுவியாமே? பெரியவன் போறப்போ சின்னவனக் கொண்டாந்து எடத்துல உக்கார வெச்சிட்டுப் போயிட்டான்னு அவளே முடிவு பண்ணிக்கிட்டா. நம்ம வழக்கப்படி அடுப்புல அலாஜி அப்பமும் வெண்ணெயும் போட்டு, போய்ட்டு வாடா, இனிமே உன்னத் தொந்தரவு பண்ணமாட்டேன்னு தீக்கிட்ட சொல்லி அனுப்பி வெச்சா. அதுக்கப்பறம்தான் மனுசியானா."

எர்ச்சிமுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது, தொழில்காரனுக்கு விளங்காதா? செய்தி எழுதும் இடத்தில் வருகிற அதே விசைப்பலகைதான் தேடும் கட்டத்திலும் வரும். அதை அவன் யோசிக்கவே இல்லை. அம்மா 5 அடிப்பாள். அது ҕ ஆகும். கைப்பேசி 1173-ஐத் தேடும். அண்ணன் எழுதியதெல்லாம் 53. அவை ஒன்றும் அழியவில்லை. அடியில் அப்படியே கிடந்தன. அவளுக்கு 1173-இல் கையொப்பமிட்டவன் உலகத்திலேயே ஒருவன்தான். அவன் செய்திகள்தான் மேலே வந்தன.

அம்மா அவனை வாசலிலேயே கட்டிக்கொண்டாள். அப்படி அவள் செய்து அவனுக்கு நினைவில்லை. மேசையில் சூடான அலாஜி, உறைய வைத்த பாலாடை, குதிரைக் கறி, பால் ஊற்றிய தேநீர். அவன் சாப்பிடுவதை அவள் எதிரே உட்கார்ந்து பார்த்தாள்.

"எளச்சிட்டடா. அந்தப் பொண்ணு போனத நீ அவ்வளவு எழுதியிருந்த. நான் குழாயப் பத்தி எழுதியிருக்கேன். படிச்சா எனக்கே அசிங்கமா இருக்கு."

"விடும்மா. குழாய் உறையலல்ல, அது போதும்."

அவள் சிரித்தாள். அவன் தலையில் கை வைத்தாள். நாற்பது வருடம் காத்திருந்தவன்போல அந்தக் கை அவன் தலையில் இருக்கும்வரை எர்ச்சிம் மென்றதை விழுங்கவில்லை. சொல்லாவிட்டால் என்ன என்று தோன்றியது. அவள் அழுது முடித்துவிட்டாள். தீக்குச் சொல்லி அனுப்பியும் விட்டாள். நிம்மதியாக இருக்கிறாள். தோண்டி எடுத்து யாருக்கு என்ன லாபம்? மூன்று நாள் இப்படியே ஓடின. மூன்று நாளும் அவன் அவளுடைய பிள்ளையாக இருந்தான். விறகு பிளந்தான், ஏரியிலிருந்து வெட்டி அடுக்கியிருந்த பனிக்கட்டிகளை உள்ளே கொண்டுவந்து உருக்கிக் கொடுத்தான், பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தபோது "என் மகன்தான் அந்த எழுத்துப் பட்டனெல்லாம் செஞ்சவன்" என்று அவள் சொல்லக் கேட்டுக்கொண்டு தேநீர் குடித்தான். இவ்வளவு சந்தோஷமாக அவன் இருந்ததேயில்லை. இவ்வளவு கேவலமாக உணர்ந்ததும் இல்லை.

நான்காம் நாள் இரண்டு மணிக்கு வேன். பன்னிரண்டு மணிக்கு அம்மா அவன் பையில் வெண்ணெயும் கறியும் திணித்துக்கொண்டிருந்தாள். திணித்துக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னாள்:

"ஒண்ணுதான்டா மனசுல கெடந்து அரிக்குது. அவன் கடைசியா அனுப்புனது மறந்துபோச்சு. ஆத்தங்கரைக்கு வந்துட்டேன்னு போட்டிருந்தான். அப்புறம் என்னமோ பண்ணி வைன்னான். தெனம் படிச்சதுதான். நெனச்சு நெனச்சுப் பாக்குறேன், வரமாட்டேங்குது. லூக்கேரியாகிட்ட கேட்டேன், அவளுக்கும் தெரியல. இன்னும் கொஞ்ச நாள்ல மீதியும் போயிரும்." பையின் வாயை இழுத்துக் கட்டினாள். "போவட்டும். அவனே கொண்டு போயிட்டான், நான் என்ன பண்ண?"

எர்ச்சிம் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அம்மா, அவன் கொண்டு போவல."

"என்னது?"

"உன் போன்லயே இருக்கு. எல்லாம் இருக்கு. நீ தேடுறது மாறிப்போச்சு, அதான் கெடைக்கல. மாத்துனது நான்."

அவள் புரியாமல் பார்த்தாள். அவன் சொன்னான். ஐந்தை எழுத்தாக மாற்றியதையும், தேடும் கட்டத்தை யோசிக்காமல் விட்டதையும் முடிந்தவரை எளிமையாகச் சொன்னான். சொல்லச் சொல்ல அவள் முகத்திலிருந்து அந்த மூன்று நாளும் இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எதுக்குடா மாத்துன?"

"எல்லாருக்கும் சவுகரியமா..."

"பொய் சொல்லாத."

"நீ என் எழுத்த அழுத்தணும்னு."

அடுப்பில் விறகு வெடித்தது. அம்மா கையிலிருந்த துணியை அவன் மேல் வீசினாள். அது அவன் தோளில் பட்டுக் கீழே விழுந்தது.

"இதுக்கா? ஒரு எழுத்துக்கா? பெத்த புள்ளையத் தண்ணியில குடுத்துட்டு, மறுபடியும் ஒருவாட்டி நானே அடுப்புல அப்பம் போட்டு அனுப்பி வெச்சேன்டா! போய்ட்டு வான்னு என் வாயாலேயே சொன்னேனே! போவாதவனப் போ போன்னு வெரட்டியிருக்கேனே!"

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அந்தச் சொல் அவனுக்கே சில்லறையாகப் பட்டது. குனிந்து துணியை எடுத்து மேசையில் வைத்தான். அம்மா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு குரல் இறங்கிவிட்டது.

"நீ சொல்லாமலேயே போயிருக்கலாமேடா."

"போயிருக்கலாம்."

"எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"ஆமா."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். திட்டுவதற்கோ கட்டிக்கொள்வதற்கோ இரண்டில் ஒன்றுக்கு அவள் வருவாள் என்று அவன் நினைத்தான். அவள் இரண்டும் செய்யவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து கைப்பேசியை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"எடுத்துக் குடு."

அவன் தன் விசைப்பலகையை அணைத்துவிட்டு, கைப்பேசியோடு வந்த பழைய ருஷ்ய விசைப்பலகையை வைத்தான். தேடும் கட்டத்தைத் திறந்து, அண்ணனின் சொல்லை அடித்தான்; வாழ்க்கையில் முதல் தடவையாக ҕ-வின் இடத்தில் தானே 5-ஐ அழுத்தினான். கண் இமைப்பதற்குள் பெர்கென் வந்துவிட்டான். வரி வரியாக, மேலிருந்து கீழ்வரை, எழுநூற்றுச் சொச்சம் செய்திகள். எர்ச்சிமுடையது ஒன்றுகூட அதில் இல்லை.

அம்மா கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி போட்டாள். மறுபடி கழற்றினாள்.

"தெரியல. தண்ணி தண்ணியா இருக்கு. நீ படி."

"நானா?"

"வேற யாரு இருக்கா? மொதல்லேர்ந்து படி."

அவள் அடுப்பின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு, சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். எர்ச்சிம் தொட்டுத் தொட்டுத் திறந்து படிக்கத் தொடங்கினான்.

"டயர் வெடிச்சிருச்சு. வேற டயர் மாட்டிட்டேன். கை உறைஞ்சிருச்சு, மூக்கு இன்னும் இருக்கு. உன் பிள்ளை."

"மூக்கு பத்திரம்டா, உனக்கு உங்கப்பன் மூக்கு" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமல்.

"கடையில ஆரஞ்சு வந்திருக்கு. ஒரு பெட்டி வாங்கியிருக்கேன். பாய்லர் ரூமுல எல்லாருக்கும் குடுத்துத் தீத்துராத. உன் பிள்ளை."

"குடுக்காம? நான் மட்டும் எப்படித் தின்னுவேன்?"

அவள் பெர்கெனோடு பேசிக்கொண்டிருந்தாள். குரல் எர்ச்சிமுடையது, பதில் அண்ணனுக்கு. ஒவ்வொன்றின் முடிவிலும் அந்தச் சொல்லை அவன் சொல்லியாக வேண்டும். உன் பிள்ளை, உன் பிள்ளை என்று தன் வாயால் எத்தனை தடவை சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. ஒரு தடவைகூட அது அவனைக் குறிக்கவில்லை. முதலில் தட்டுத் தடுமாறிப் படித்தான். போகப்போக அண்ணன் பேசும் வேகம் வந்துவிட்டது. சிரிக்க வேண்டிய இடத்தில் அண்ணனைப்போலச் சிரிக்கவும் வந்தது. அவனும் அண்ணனுக்காக இந்த ஆறு வருடத்தில் சரியாக அழுததில்லை. இப்போது அழுதான். அழுதுகொண்டே படித்தான்.

நிறையத் தாண்டி, கடைசிக்கு வந்தபோது நிறுத்திவிட்டான்.

"படி" என்றாள் அம்மா.

"கரைக்கு வந்துட்டேன். பனி கெட்டியாத்தான் தெரியுது. நேத்து ரெண்டு வண்டி போயிருக்காம். நீ தூங்கிராத, சூப்ப அடுப்புல ஓரமா வெச்சிரு. உன் பிள்ளை."

"சூப்பு" என்றாள் அம்மா. "ஆமாமா. சூப்ப ஓரமா வைன்னான். வெச்சிருந்தேன். காலை வரைக்கும் சூடாத்தான் இருந்துது."

வெளியே வேன் வந்து நின்று ஒலியெழுப்பியது. பை கதவருகில் தயாராக இருந்தது. அம்மா கண்ணைத் திறக்கவில்லை. கை மட்டும் காற்றில் துழாவி அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டது.

"போயிராத பெர்கென்" என்றாள். "இன்னொருவாட்டி மொதல்லேர்ந்து."

எர்ச்சிம் அவளைத் திருத்தவில்லை. மற்றொரு கையைச் சன்னல் பக்கம் உயர்த்தி, வண்டியைப் போகச் சொல்லி ஓட்டுநருக்குச் சைகை காட்டினான். வேன் கிளம்பிப் போகும் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தான். பிறகு டயர் வெடித்த இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தான்.